எண்ணெய்க் கோடு

"மேலேயா கீழேயா மேடம்?" என்று கேட்டுவிட்டு ஜோதிலிங்கம் மெழுகுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிற்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் "சார் கீழேன்னுதான் சொன்னாரு" என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார், பிறகு எதற்கய்யா என்னைக் கேட்கிறீர், சுவரைக் கேட்டிருக்கலாமே, சுவராவது வெள்ளையடித்து மரியாதையாக நிற்கிறது. கிளப்பில் பந்து உருட்டிக் கட்டை சாய்க்கிற ஆறு லேன்களுக்கும் பின்னால் இருக்கிற இந்த அறையில் ஃபேன் இல்லை, ஒரே ஒரு துளை போடும் இயந்திரம், ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், தரையெல்லாம் சுருள் சுருளாக யாருடைய பந்திலிருந்தோ வழித்த தூள். இந்த மனிதர் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை காலையில் இங்கே வந்து பௌலிங் பந்துகளுக்கு ஓட்டை போட்டுக் கொடுக்கிறார், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற நான் ஹேமலதா, வயது ஐம்பத்திரண்டு, என் மடியில் இருக்கிறது பதிமூன்று பவுண்டில் நாவல்பழ நிறத்தில் ஒரு பந்து, இன்னும் ஓட்டை போடாத பந்து, முழுசு, மூக்கருகே கொண்டுபோனால் ஆரஞ்சு மிட்டாய் வாசனை வருகிறது, எந்தப் புண்ணியவானுக்கு பந்துக்கு வாசனை போடத் தோன்றியதோ. பெண்கள் லீக்கில் இந்த வருஷம் நான்தான் முதல், அதற்குக் கொடுத்த பரிசு இது. மூன்று ஓட்டை, இரண்டு விரலுக்கு இரண்டு, கட்டை விரலுக்கு ஒன்று, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அவ்வளவு இல்லையாம். பந்துக்குள்ளே கனமாக ஒரு கட்டி ஒளிந்திருக்கிறதாம், அதன் தலை எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் வெளியே இந்தச் சிவப்புப் பொட்டு. பொட்டு விரல் ஓட்டைகளுக்கு மேலே வருகிற மாதிரி துளைத்தால் பந்து சாதுவாக நேரே போய்க் கடைசி நிமிஷத்தில் வெடுக்கென்று திரும்பும். கீழே வந்தால் பாதி வழியிலேயே, யாரையும் பயமுறுத்தாமல், நல்ல குடும்பத்துப் பெண் மாதிரி மெல்ல வளையும். "லேடீஸுக்குக் கீழதான் சேஃப் மேடம்." சேஃபாம். என்னுடைய ஐம்பத்திரண்டு வருஷத்தில் சேஃப் இல்லாமல் நான் செய்த காரியம் ஒன்றைச் சொல்லுங்கள், பார்க்கலாம். ஒருமுறை துளைத்தால் துளைத்ததுதான். வேண்டாம் என்றால் மெழுகு மாதிரி எதையோ ஊற்றி அடைத்து மறுபடி துளைக்கலாமாம், ஆனால் அடைத்த வடு போகாதாம், பந்தும் பழைய பந்தாக இருக்காதாம்.

போன் அதிர்கிறது. கருணாகரன். மனசுக்குள்ளே நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், இருபத்தேழு வருஷமாக, வெளியே ஏங்க, உள்ளே கருணாகரன், சில நாட்களில் உள்ளே வேறு பேர்களும் உண்டு. "என்ன ஹேமா, முடிஞ்சுதா?" "இல்லீங்க, இப்பதான் கை அளவு எடுக்கப் போறார்." "அளவெல்லாம் எதுக்கு இப்போ? பழைய பந்து அளவையே போடச் சொல்லிட்டேனே அவன்கிட்ட. அப்பதான் நீயும் போடலாம், நானும் போடலாம்." "இது எனக்குக் கொடுத்த பந்துங்க." "யாரு இல்லேன்னா? உன் பந்துதாம்மா. நான் என்ன தூக்கிட்டா ஓடப் போறேன்?" சிரிப்பு. கிளப் கமிட்டியில் பௌலிங் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனதிலிருந்து இந்தச் சிரிப்பு வந்திருக்கிறது, மேடையில் மாலை வாங்குகிறவர்களின் சிரிப்பு. "பொட்டு கீழேயே இருக்கட்டும். திரும்பற பந்தெல்லாம் உனக்குக் கன்ட்ரோல் ஆகாது. அப்புறம் மணிக்கட்டு வலிக்குதுன்னு எங்கிட்டதான் வந்து நிப்பே. சரி, வர்ற வழியிலே டெய்லர்கிட்ட என் பேன்ட் ரெண்டு இருக்கு, வாங்கிட்டு வந்துடு." வைத்தாகிவிட்டது. சரி என்று நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன். நாக்கு தானாகச் சொல்லிவிடுகிறது, நெருப்பு பட்டால் கை தானாக இழுத்துக்கொள்கிற மாதிரி. நீயும் போடலாம் நானும் போடலாம். பழைய நீலப் பந்தும் அப்படித்தான் வந்தது. அவர் தனக்கென்று துளைத்து, மூன்று வருஷம் உருட்டிச் சலித்து, வேறு வாங்கிக்கொண்டபோது, "ஓட்டைகூட மாத்த வேண்டாம் ஹேமா, நமக்கு ஒரே கை" என்று தூக்கிக் கொடுத்தார். ஒரே கை. நிச்சயதார்த்தத்தன்று நகைக்கடைக்காரன் இரண்டு மோதிரத்தையும் டப்பா மாற்றி வைத்துவிட்டான், அவருக்கென்று செய்தது என் விரலில் ஏறிவிட்டது, எனக்கென்று செய்தது அவர் விரலில் ஏறிவிட்டது, கூட்டமே சிரித்தது, என் மாமியார் மட்டும் சிரிக்காமல் என் கையைத் திருப்பிப் பார்த்து "பொருத்தம்னா இதுல்ல பொருத்தம், ஆம்பளைக் கை" என்றார். என் கை ஆம்பளைக் கையாம். அவருடைய கை வெண்டைக்காய் மாதிரி இருந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"கையைக் கொடுங்க மேடம், எதுக்கும் பாத்துடுவோம்" என்று ஜோதிலிங்கம் ஓட்டைகள் போட்ட ஒரு மாதிரிப் பந்தை முன்னால் வைக்கிறார், கட்டை விரலை நுழைத்து மற்ற விரல்களை விரிக்க வேண்டும், அந்த நீட்டத்தை அளப்பார். நல்ல மனிதர்தான், இதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை, கமிட்டி சார் சொன்னால் இவர் என்ன செய்வார், ஆனாலும் எரிச்சலுக்கு அது புரிய மாட்டேன் என்கிறது, எரிச்சலுக்கு எதிரே ஒரு ஆள் இருந்தால் போதும். "இதோ பாருங்க. சார் அளவை விட உங்களுக்கு அரைக்கால் இன்ச்சு கம்மி. கட்டை விரல் சாய்வும் வேற. எப்படி மேடம் அந்த நீலப் பந்தை இத்தினி வருஷம் போட்டீங்க?" எப்படிப் போட்டேன். எட்டு வருஷம் அரைக்கால் இன்ச்சு இழுத்துப் பிடித்துத்தான் போட்டேன், கட்டை விரலின் அடியில் காய்த்துப்போய் ஒரு தழும்பு இருக்கிறது, அதை நான் பாத்திரம் தேய்த்து வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "நடு விரல் மூட்டு வீங்கியிருக்கே. காலைல இப்பிடித்தான் இருக்குமா?" "காலையிலே கொஞ்சம் இருக்கும். மத்தியானம் சரியாயிடும்." "டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" "காட்டணும்." காட்ட மாட்டேன். காட்டினால் சொல்வார், அவர் சொல்லப் போவது எனக்குத் தெரியும், அம்மாவின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தைந்து வயதில் அம்மாவுக்கு ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை, அதற்கு நான் போக வேண்டும், ஐம்பத்தேழில் நெற்றிக்கு ஸ்டிக்கர் பொட்டைப் பிரிக்க முடியாமல் ஒருநாள் அந்த அட்டையையே தூக்கி எறிந்தாள், விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாக, காற்றடித்துச் சாய்ந்த வாழை மாதிரி, யாரோ ஒரு திசையைக் காட்டச் சொன்ன மாதிரி. ஐம்பத்தைந்து. எனக்கு இன்னும் மூன்று வருஷம். இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அப்பா பக்கத்துக் கை என்றுகூட இருக்கலாம், தினம் காலையில் எழுந்ததும் போர்வைக்குள்ளேயே பத்து விரலையும் மடக்கி நீட்டிப் பார்க்கிறேன், யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் பௌலிங் வேண்டாம் என்பார்கள், சமையல் வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் இந்தப் பந்து நான் சொல்கிறபடி திரும்ப வேண்டும். பாதி வழியில் பயந்து வளைகிற பந்து எனக்கு வேண்டாம். அதற்கு நான் வீட்டிலேயே இருக்கலாம்.

"சரி, உங்க ஆக்சிஸ் பாத்துடலாம்" என்று நீலப் பந்தை என் பையிலிருந்து எடுக்கிறார். இது புதுசு எனக்கு. ஒவ்வொருவர் கையும் பந்தை ஒவ்வொரு அச்சில் சுற்ற விடுமாம், அந்த அச்சைக் கண்டுபிடித்தால்தான் பொட்டை எங்கே வைப்பது என்று கணக்குப் போட முடியும், அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால் பழைய பந்தில் ஒட்டியிருக்கிற எண்ணெயைப் பார்த்து. லேனுக்குத் தினம் எண்ணெய் பூசுகிறார்கள் அல்லவா, பந்து உருள உருளத் தரையைத் தொட்ட இடத்திலெல்லாம் அந்த எண்ணெய் வளையமாக ஒட்டிக்கொள்கிறது. "கைரேகை மாதிரி மேடம். ஆளைப் பாக்கவே வேணாம், கோட்டப் பாத்தா போதும், எப்பிடிப் போடுறாருன்னு சொல்லிடுவேன்." ட்யூப் லைட்டுக்குக் கீழே பந்தைச் சாய்க்கிறார், கட்டை விரல் ஓட்டையை ஒட்டினாற்போல மங்கலாக ஒரு பட்டை தெரிகிறது, அதன்மேல் மெழுகுப் பென்சிலை ஓட்டுகிறார், வில் மாதிரி வளைந்த ஓர் அளவுகோலை வைத்து ஒரு சிலுவைக் குறி போடுகிறார், அதைப் பார்த்து என் நாவல்பழப் பந்தில் இன்னொரு சிலுவைக் குறி, கோடு, இன்னொரு கோடு. "ஒரே கோடுதான் மேடம், ஒண்ணு மேல ஒண்ணா, விரியவே இல்ல. சுத்தி விட்டா கோடு தள்ளித் தள்ளி விழும். நீங்க நேராத்தான் போடுறீங்க. சுத்தே இல்ல. சார் சொன்னது கரெக்ட்டு. கீழதான் உங்களுக்கு." என்ன? நான் நேராகப் போடுகிறேனா? போன வாரம்தானே எங்கள் டீம் கேப்டன் ஃபரீதா கத்தினாள், "ஹேமா, உன் பந்து கடைசியிலே யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்புதுடி!" என்று, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பத்து பின் கட்டையும் விழுந்தது, அது நேரா? நேராகப் போட்டா நான் லீக்கில் முதலாக வந்தேன்? ஆனால் கோடு இருக்கிறதே. கோடு பொய் சொல்லுமா? ஒருவேளை ஃபரீதா சும்மா சொன்னாளோ, அவள் எல்லாரையும் தட்டிக்கொடுக்கிறவள், என் புளிக்குழம்பைக்கூடப் புகழ்ந்தவள். ஒருவேளை பந்து திரும்பியது என்று நானே நினைத்துக்கொண்டேனோ, கண்ணாடியில் பார்த்தால் இளைத்தமாதிரி தெரிகிறதே, அந்த மாதிரி. இருபத்தேழு வருஷத்தில் கருணாகரன் என்னைப் பற்றிச் சொன்னது எத்தனை தடவை சரியாகப் போயிருக்கிறது. உனக்குக் கார் ஓட்ட வராது ஹேமா. வரவில்லை. உனக்கு வேலையெல்லாம் சரிப்படாது ஹேமா. விட்டுவிட்டேன், ஆறு மாசத்தில். இப்போது பந்தும் அவர் பக்கம் சாட்சி சொல்ல வந்துவிட்டது, எட்டு வருஷம் என் கையில் உருண்ட பந்து, நான் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிற பந்து.

துடைத்து வைத்திருக்கிற பந்து. இரு. நான் துடைக்கிறேன். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் துடைக்கிறேன். பந்து திரும்பி வந்ததும் முதல் வேலை அதுதான், மஞ்சள் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன், பந்தை ஒரு சுற்று சுற்றினால் பளபளவென்று ஆகிவிடும், வீட்டுக்குக் கிளம்பும் முன் ஸ்பிரிட் தொட்டு இன்னொரு தடவை. ஃபரீதா கேலி பண்ணுவாள், "குழந்தையைக் குளிப்பாட்டியாச்சா?" என்று. செத்தாலும் எண்ணெயோடு ஒரு பொருளை நான் பைக்குள் வைக்க மாட்டேன். கான்வென்டில் வெள்ளிக்கிழமை தோறும் சிஸ்டர் பெனடிக்டா வெள்ளைக் கைக்குட்டையோடு வருவார், மேஜையின் மூலையில் அதை ஒரு இழுப்பு இழுப்பார், கைக்குட்டையில் இங்க் பட்டால் உள்ளங்கையில் ஸ்கேல், படாவிட்டால் நீல ரிப்பன். நீ உட்கார்ந்து எழுந்த இடத்தில் நீ உட்கார்ந்திருந்தது தெரியக் கூடாது, அதுதான் ஒழுங்கான பெண்ணுக்கு அடையாளம். அடையாளமே இல்லாமல் இருப்பதுதான் அடையாளம். ஏழு ரிப்பன் வாங்கியிருக்கிறேன் நான், சிஸ்டர், ஏழு, இப்போது நினைத்தால் அந்த ரிப்பன்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டு அதே மேஜையில் தொங்கவிட வேண்டும்போல இருக்கிறது. அங்கே படித்ததை வீட்டில் செய்தேன். வாஷ்பேசினில் கருணாகரனின் பேஸ்ட் நுரை, துடைத்தேன். கண்ணாடியில் ஷேவிங் தெறிப்பு, துடைத்தேன். தேக்கு மேஜையில் தினம் காலையில் காபி டம்ளரின் அடி வளையம், தட்டு வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து, துடைத்தேன், மறுநாள் அதே இடத்தில், விரல் கனத்துக்கு ஒரு வளையம், ஒன்றின்மேல் ஒன்றாக, விலகவே விலகாது, அந்த மனிதருக்கு டம்ளரை வேறு இடத்தில் வைக்கத் தோன்றியதே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக. விரியவே இல்லை. ட்யூப் லைட்டுக்குக் கீழே அந்த நீலப் பந்தைப் பார்க்கிறேன், அந்த மங்கலான பட்டையைப் பார்க்கிறேன், அதில் தூசிகூடப் படிந்திருக்கிறது, காய்ந்துபோன பிசுக்கு, இது நான் போன செவ்வாய்க்கிழமை துடைத்து வைத்த பந்தில்லை, இதை எனக்குத் தெரியும், இந்த வளையத்தைத் தினம் காலை ஏழு மணிக்கு நான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. "மூலையிலே தனியா நிக்கிற பின்னுக்கு உன் பழசுதான் ஹேமா லாயக்கு, எடுத்துட்டுப் போறேன்" என்று பையோடு தூக்கிப்போனார். உருட்டினார். துடைக்காமல் அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். நான் பையைத் திறக்காமல் இன்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எட்டு வருஷம் உருட்டினவள் நான். கோடு அவருடையது. துடைத்தவள் போட்டதெல்லாம் துண்டோடு போயிற்று, துடைக்காதவர் கையெழுத்து நின்றுவிட்டது, அதை வைத்துத்தான் இப்போது என் பந்தில் என் மூன்று ஓட்டைக்கும் குறி போட்டிருக்கிறது.

இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. எப்போது என் மடியிலிருந்து பந்தை எடுத்தார்? சுவிட்சு போட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை, பந்து கிண்ணம் மாதிரி ஒன்றில் இறுகி உட்கார்ந்திருக்கிறது, துரப்பணம் சுற்றிக்கொண்டே சிலுவைக் குறிக்கு மேலே இறங்குகிறது, விரற்கடை தூரம், அரை விரற்கடை. "நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம், என் சத்தமா அது, மீன்காரியிடம்கூட நான் அப்படிக் கத்தியதில்லை, ஜோதிலிங்கம் பயந்துபோய் சுவிட்சை அணைக்கிறார். "என்னாச்சு மேடம், கை பட்டுச்சா?" "அந்தக் கோடு என்னுது இல்லை." "எந்தக் கோடு?" "நீங்க பார்த்தீங்களே, எண்ணெய்க் கோடு. அது அவருது. ஞாயித்துக்கிழமை அவர்தான் இந்தப் பந்தைப் போட்டார்." "சார் போட்டாரா? சரி மேடம், ஆனா அதுக்கு அடியில உங்க கோடு இருக்கும்ல?" "இருக்காது." "எப்பிடி இருக்காது? எட்டு வருஷமா—" "நான் துடைச்சிடுவேன்." "ஒவ்வொரு வாட்டியுமா?" "ஒவ்வொரு வாட்டியும்." என்னைப் பார்க்கிறார், பந்தைப் பார்க்கிறார், தலையைச் சொறிகிறார். "பந்தைத் துடைக்கணும்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன் மேடம், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் துடைக்கிறீங்க, உங்க கோடு இல்லை." சிரிக்கப் பார்க்கிறார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார். "நல்லவேளை சொன்னீங்க. கோடு ஒருத்தர்து, கை ஒருத்தர்துன்னா உருளும்போது பந்து ஓட்டை மேலயே ஏறும். டக்கு டக்குன்னு சத்தம் வரும். பந்தே வேஸ்ட்டு." "எனக்கு என் கோடு வேணும். நான் போய் மூணு தடவை போட்டுட்டு வர்றேன்." "போடுங்க, போடுங்க. ஆனா மேடம்..." கழுத்தைத் தடவிக்கொள்கிறார். "சார் பழைய அளவு, பொட்டு கீழன்னு சொல்லியிருக்காரு. நான் மாத்திட்டா எங்கிட்டதான் கேப்பாரு. கமிட்டில இருக்காரு. எனக்கு இந்த ரூமு வேணும் மேடம்." அவர் சொல்வது நியாயம், நியாயமாக இருப்பதால் இன்னும் கோபம் வருகிறது. "கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. அவர் கமிட்டிக்குத்தான் மெம்பர். இந்தக் கைக்கு இல்லை." சொல்லிவிட்டேன். வெளியேதான் சொன்னேன். மனசுக்குள்ளே இல்லை.

மூன்றாவது லேனில் ஆளில்லை. நீலப் பந்தை முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், கடைசித் துடைப்பு, அவருடைய பட்டை கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுப் போயிற்று, துண்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. முதல் பந்து கேவலமாகப் போயிற்று, ஓரக் கால்வாயில் விழுந்து கடகடவென்று ஓடியது, பரவாயில்லை, கால்வாய்க்கு எண்ணெய் தெரியாது. பந்து திரும்பி வந்து நின்றது, என் இடது கை அதற்குள் துண்டோடு அதன்மேல் போயிருந்தது. துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். இரண்டாவது பந்து நன்றாகப் போயிற்று, திரும்பி வந்தது, மேலே ஈரமாக ஏதோ மின்னுகிறது, அதைத் துடைக்காமல் நிற்பது என்ன பாடு, அடுப்பில் பால் பொங்குகிறபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்ன மாதிரி, உள்ளங்கை அரிக்கிறது, சிஸ்டர் பெனடிக்டாவின் ஸ்கேல் எங்கிருந்தோ ஓங்குகிறது, அடியுங்கள் சிஸ்டர், இப்போது அடியுங்கள், ஆம்பளைக் கை இது. எண்ணெயில் விரல் வழுக்கியது. அரைக்கால் இன்ச்சு இழுத்துப் பிடித்தேன், நடு விரல் மூட்டு சுருக்கென்றது, மூன்று வருஷம் மூன்று வருஷம் என்று காலடிக்குக் காலடி தலைக்குள் எண்ணிக்கொண்டே போய் விட்டேன் மூன்றாவதை. வலப்பக்க ஓரமாகவே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவுதான் கால்வாய் என்று நினைத்தேன், கால்வாயின் உதட்டில் நின்று யோசித்த மாதிரி ஒரு கணம், பிறகு திரும்பியது. யாரோ கூப்பிட்ட மாதிரித்தான். ஃபரீதா பொய் சொல்லவில்லை. ஒன்பது விழுந்தது, மூலையில் ஒன்று நின்றது, நிற்கட்டும், எனக்கு அது வேண்டாம், எனக்கு வேண்டியது பந்து திரும்பி வரும் வழியில் இருட்டுக்குள் உருண்டு வந்துகொண்டிருந்தது. வந்தது. பார்த்தேன். ஒரு கோடு இல்லை. ஐந்து, ஆறு, ஓரிடத்தில் எல்லாம் சேர்ந்து நெருங்கி, அங்கிருந்து ஒன்றைவிட்டு ஒன்று விலகி விலகி, பனையோலை விசிறியைப் பாதி விரித்த மாதிரி, கட்டை விரல் ஓட்டைக்கு எவ்வளவோ தள்ளி. இத்தனை நாளும் ஒவ்வொரு வீச்சுக்கும் இது வந்திருக்கிறது. வந்து ஒரு நிமிஷம் இருந்திருக்கிறது. நான்தான், நானேதான், மஞ்சள் துண்டை எடுத்து. அவர்மேல் இருந்த கோபம் பாதி அந்த இடத்தில் திரும்பி என்மேல் விழுந்தது, அதுவும் கடைசி நிமிஷத்தில் திரும்பி.

கோடு கலைந்துவிடக் கூடாது என்று ஓட்டைக்குள் விரல் விட்டு, மறு கையால் அடியில் தாங்கி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தேன், சந்தன நிற சுடிதாரின் வயிற்றில் கறை பட்டது, படட்டும், வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும். ஜோதிலிங்கம் பந்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், இன்னொரு பக்கம் திருப்பிப் பார்த்தார். "அடேங்கப்பா. இது வேற ஆளு மேடம்." "அதே ஆளுதான்." நாவல்பழப் பந்தில் போட்டிருந்த சிலுவைக் குறியையும் கோடுகளையும் கட்டை விரலால் தேய்த்து அழித்தார். என் விசிறியின்மேல் பென்சிலை ஓட்டி, அளவுகோலை வைத்து, புதுக் குறி போட்டார், பழையதற்கும் இதற்கும் ஒன்றரை விரற்கடை வித்தியாசம், ஒன்றரை விரற்கடைதான், ஆனால் அந்த ஒன்றரை விரற்கடைக்குள் ஓர் ஆள் முழுசாக நிற்கலாம். போன் அதிர்ந்தது. கருணாகரன். மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து, சுற்றி அரை வட்டம் போட்டு, அடங்கியது. ஜோதிலிங்கம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் பதிலையும் சேர்த்துச் சொல்லவில்லை. "மேலயா கீழயா மேடம்?" "மேலே. அளவு என் கை அளவு." இயந்திரம் இறங்கியது, நாவல்பழ நிறத்தில் சுருள் சுருளாகத் தூள் எழுந்தது, அறை முழுக்க ஆரஞ்சு மிட்டாய் வாசனை, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று ஓட்டையும் முடிகிறவரை பார்த்தேன், கண்ணை எடுக்கவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். எங்கேயும் இழுக்கவில்லை. எட்டு வருஷமாக இழுத்தது ஓட்டைதான் என்று கை அப்போதுதான் நம்பியது. பிறகு அவர், வேலை முடிந்த பழக்கத்தில், ஒரு துணியை எடுத்து நீலப் பந்தின்மேல் கொண்டுபோனார். "துடைக்காதீங்க" என்றேன். "எண்ணெய் மேடம், பையெல்லாம் ஆயிடும்." "ஆகட்டும். அதை அப்படியே கொண்டுபோய் எங்க வீட்டுத் தேக்கு மேஜைமேல வைக்கணும்."